வால் ஆடிய சனிக்கிழமை

ட்ரெய்லரை வண்டியோடு பிணைக்கும் ஹிட்ச் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். டெக்சஸில், ஆலனில் இருக்கும் அந்த ட்ரெய்லர் கடையின் கவுன்ட்டரில் பதினெட்டு வருடம் நின்றவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் அப்படி ஒரு நினைப்பு ரொம்ப நாள் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குக் கூடுதல் வசதி.

செய்முறையெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் எடை என்ன, அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் மூக்கில், அதாவது வண்டியில் மாட்டும் முன்முனையில், இறங்குகிறதா, அந்த மூக்கு எடையை வளைந்து தாங்க எத்தனை பவுண்டு கம்பி, ஓட்டத்தில் பின்னால் வால் ஆடாமல் பிடிக்க என்ன ஏற்பாடு, எல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். ஒரு மதியம் உட்கார்ந்தால் மனப்பாடம் ஆகிவிடும். நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை எனக்கு ஒன்றுமே புரியாமல் இருந்த சனிக்கிழமை அது.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை போய், வேறு வழியில்லாமல் நான் அந்தக் கடையில் சேர்ந்தபோது, ஒரு பெரிய ஃபிட்டர் அங்கே இருந்தார். டெக்சஸ்காரர். நாள் முழுக்க பத்து வார்த்தை பேசினால் அதிகம். எந்த ட்ரெய்லர் கடையை விட்டுக் கிளம்பினாலும், கடைசியில் அதன் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிப் பார்ப்பார். பிறகு மூடிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டுவார். எதைப் பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பீர் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் கடைசியாகக் கையைக் காட்டும் வேலை எனக்கு வந்தது. கதவைத் திறக்கும் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

இனி ஃபாரூக். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பத்து வருடம் இருந்துவிட்டு பக்கத்து ஊர் பிளானோவுக்கு மாறி வந்த பையன். லெகஸி பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. மனைவி நஸ்ரீன் பார்மசிஸ்ட், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிவாசலில் பார்த்துப் பழக்கம். இருபத்தாறு அடியில் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கியிருந்தான். முன்னால் பெரிய படுக்கையறை, நடுவில் சமையல் மேடை, பின்னால் அடுக்குக் கட்டில் போட்ட பிள்ளைகள் அறை. அந்த அறைக்கு வெளியிலிருந்து சாமான் ஏற்ற ஒரு அகலமான கதவும் இருந்தது.

திங்கட்கிழமை ட்ரெய்லரைக் காலியாகக் கொண்டுவந்தான். மூக்கை நானே எடை போட்டேன். எழுநூறு பவுண்டு. எண்ணூறு பவுண்டு கம்பியும், உரசிப் பிடித்து வாலை அடக்கும் அமைப்பும் சேர்ந்த ஹிட்சை மாட்டிக் கொடுத்தேன். அதுவரை ஒரு தப்பும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் மாட்டுவேன்.

பெருநாள் முடிந்து வந்த சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு ஏரிக்கரையில் நம்ம குடும்பங்கள் எல்லாம் கூடுவதாக ஏற்பாடு. அறுபது பேர். பிரியாணி ஃபாரூக் பொறுப்பு. கறி, அரிசி, அடுப்பு, அண்டா எல்லாம் அவன் ட்ரெய்லரில்தான் போயாக வேண்டும். போகிற வழியில் ஒரு தடவை பார்த்து அனுப்புங்கள் என்று காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தான்.

"உள்ளே எவ்வளவு ஏத்தியிருக்கே?" என்று கேட்டேன்.

"எல்லாம் வெயிட் போட்டுட்டேன் அங்கிள். ஊருக்குப் போறப்ப பெட்டி தூக்கிப் பார்ப்போம்ல, அந்த லக்கேஜ் ஸ்கேல்லயே ஒண்ணொண்ணா தூக்கிப் பார்த்தேன். ஷீட் பாருங்க" என்று ஃபோனை நீட்டினான்.

ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இருபத்தேழு வரிசை. அரிசி, கறி, ஐஸ், அண்டா இரண்டு, அடுப்பு, கேஸ், தண்ணீர் பாட்டில், வெங்காயம், தயிர், கரண்டி வரைக்கும் இருந்தது. டேங்கில் நிரப்பிய தண்ணீரையும் பவுண்டாக மாற்றிப் போட்டிருந்தான். மொத்தம் தொள்ளாயிரத்துப் பத்து. ட்ரெய்லர் தாங்கக்கூடியது ஆயிரத்து முந்நூறு.

"இன்னும் நானூறு பவுண்ட் பாக்கி இருக்கு அங்கிள்" என்றான், செக்-இன் கவுன்ட்டரில் இரண்டு பெட்டியும் சரியாக இருபத்துமூன்று கிலோவில் நின்றவனைப் போல.

நானும் அதே ஜாதிதானே. முப்பது வருடமாக வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, ஊறுகாய் பாட்டிலை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றியவன். மொத்தம் சரியாக இருந்தால் நம் வேலை முடிந்தது. விமானத்தின் வயிற்றில் அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை, அது வேறு யாரோ பார்த்துக்கொள்கிற விஷயம். அந்தப் புத்தியோடுதான் அன்றைக்கு நானும் நின்றேன்.

பின்கதவைத் திறக்கலாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் நம்ம வீட்டுப் பிள்ளை, பக்கத்தில் மனைவி நிற்கிறாள், உள்ளே அவர்களுடைய படுக்கை, துணிமணி. திறந்து காட்டு என்று கேட்டால் கஸ்டம்ஸ்காரன் மாதிரி இருக்காதா? மரியாதை கருதி விட்டுவிட்டேன். வேற்று ஆளாக இருந்திருந்தால் ஒருவேளை திறந்திருப்பேனோ என்னவோ, தெரியவில்லை.

ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப்பின் பின்பக்கம் ஒரு அங்குலம்கூடத் தாழாமல் மட்டமாக நின்றது. என் கைவேலைதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கையைக் காட்டி அனுப்பினேன்.

நாற்பதாவது நிமிடம் திரும்பி வந்துவிட்டார்கள். ஃபாரூக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. நஸ்ரீன் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"செவன்ட்டி ஃபைவ் ஃப்ரீவேல அறுபதுதான் போனேன் அங்கிள். பக்கத்துல ஒரு பெரிய ட்ரக் க்ராஸ் பண்ணுச்சு. அவ்வளவுதான், பின்னாடி ஆட ஆரம்பிச்சிருச்சு. லேன் விட்டு லேன் போகுது. எப்படி நின்னுச்சுன்னே எனக்குத் தெரியல" என்றான்.

இந்த இடத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். என்ன காரணம் என்று யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் எங்கே? ஏரிக்கரையிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள், அடுப்பு எப்போது வரும், பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று. ஃபாரூக் ஒவ்வொரு தடவையும் "தோ வந்துட்டே இருக்கோம்" என்றான். அந்த அவசரம் என்னையும் பிடித்துக்கொண்டது. கம்பி பலம் போதவில்லை, பெரியதாகப் போட்டுவிடுவோம் என்று எண்ணூறைக் கழற்றி ஆயிரத்து இருநூறு பவுண்டு கம்பியை மாட்டினேன். பெரிய கம்பி என்றால் அதிகப் பாதுகாப்பு என்று எல்லா வாடிக்கையாளரும் நினைப்பார்கள். அப்படி இல்லை என்று அவர்களுக்கு விளக்குவதுதான் என் உத்தியோகமே. மூக்கில் எடை இறங்கினால்தான் கம்பி வளையும், கம்பி வளைந்து இறுகினால்தான் வாலைப் பிடிக்கும் உரசல் கிடைக்கும். அன்றைக்கு அந்தப் பெரிய கம்பி வளையவே இல்லை. அதையும் பலம் என்று எடுத்துக்கொண்டேன் என்றால் என் புத்தி எங்கே போயிருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நானே ஓட்டினேன். ஃபாரூக் பக்கத்தில் உட்கார்ந்தான். தாயும் பிள்ளைகளும் கடையிலேயே இருந்தார்கள். ஃப்ரீவேயில் ஐம்பத்தைந்தைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. "ஓகே ஆயிடுச்சு அங்கிள்" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, இடது பக்கம் ஒரு ட்ரக் வந்தது.

வால் ஆடுவது என்றால் என்ன என்று கையேட்டில் ஒரு பத்தி இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் இருக்கை நம்மை மீறி இடமும் வலமும் போவதும், கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் தெரிவதும் அந்தப் பத்தியில் இல்லை. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. மிதித்தால் வண்டி மடங்கிவிடும் என்று தெரியும். ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு, டேஷ்போர்டில் இருக்கும் ட்ரெய்லர் பிரேக் லீவரைக் கையால் மெல்ல அழுத்தினேன். ட்ரெய்லர் மட்டும் பின்னால் இழுத்துப் பிடித்து நேரானது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அந்த வண்டியில் அந்தப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள், நான் கையைக் காட்டியதால் போயிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

கடைக்குத் திரும்பி இறங்கி, ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஹிட்ச் மட்டமாக இருந்தது. எடை சரி, ஷீட் சரி, திங்கட்கிழமை நான் போட்ட மூக்கு எடையும் சரி. எல்லாமே சரியாக இருக்கும் ஒரு வண்டி எதற்காக இப்படி ஆட வேண்டும்? இன்னொரு சுற்று வந்தேன். மண்டைக்குள் ஒன்றுமே இல்லை.

ஃபாரூக் பின்னாலேயே வந்தான். "அங்கிள், ஒண்ணு பண்ணலாமா? ஃப்ரீவே வேணாம். உள் ரோட்டுலயே நாப்பத்தஞ்சுல மெதுவா போயிடறேன். அறுபது பேர் வெயிட் பண்றாங்க. கறி வேற ஐஸ்ல இருக்கு."

இந்தத் தொழிலில் உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும், வாரத்துக்கு ஒருமுறை வரும். மெதுவாகப் போனால் போதுமா? சரி, பார்த்துப் போ என்று சொல்வது ரொம்பச் சுலபம். சொல்லிவிட்டால் அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, ஏரிக்கரைக்கும் நிம்மதி. அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நஸ்ரீன் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் கதவைத் திறந்து தலையை நீட்டி, "ஆர் வி கோயிங் ஆர் நாட்?" என்று கேட்டாள்.

"எனக்குப் புரியலப்பா. ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம இதை நான் விடமாட்டேன்" என்றேன்.

பதினெட்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன உடனே காது சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறு என்ன.

ஃபாரூக்குக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும். "என்ன அங்கிள் இது? செலக்ட் பண்ணது நீங்க, மாட்டுனது நீங்க, காலைல பார்த்து அனுப்புனதும் நீங்க. இப்ப வந்து தெரியலங்கறீங்க? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதையே சொல்லு. அங்கிளுக்குத் தெரியலன்னு சொல்லு" என்றேன்.

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். திரும்பி வந்தபோது கோபம் இறங்கியிருந்தது, முகம்தான் தொங்கிப் போயிருந்தது. ஏரிக்கரையிலிருந்து இரண்டு கார் கிளம்பி வரும், சாமானை அதில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. அவர்கள் வருவதற்குள் இறக்கி வைப்போம் என்று ட்ரெய்லரை பிக்கப்பிலிருந்து கழற்றினோம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, மூக்கை அதன் சொந்தக் காலில் நிறுத்தினேன். அண்டா கனம், ஒற்றை ஆள் தூக்க முடியாது. இரண்டு பேரும் நடுக்கதவு வழியாக ஏறிப் பின்னறைக்குள் போனோம்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த அறையைப் பார்க்கிறேன். மேல் கட்டில், கீழ்க் கட்டில், தரை என்று எல்லா இடத்திலும் சாமான். நடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் நுழைந்து, இரண்டு பேரும் அண்டாவுக்குக் குனிந்தோம். காலுக்குக் கீழே தரை சாய்ந்தது. ஒரு தயிர் டப்பா அறை வாசல் பக்கத்திலிருந்து உருண்டு என் காலில் வந்து இடித்தது.

வெளியே நஸ்ரீன் கத்தினாள். "அங்கிள்! மூக்கு தூக்குது! முன்னாடி கால் தரைல இல்ல! வெளிய வாங்க!"

இரண்டு பேரும் தட்டுத் தடுமாறி நடுவுக்கு ஓடினோம். தரை டமாரென்று இறங்கியது. ஃபாரூக்கை நான் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். முட்டாள்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இறங்கி வந்து மூக்கை எடை போட்டேன். திங்கட்கிழமை எழுநூறு காட்டிய மூக்கு இருநூறுகூடக் காட்டவில்லை. பின்பாரம் முழுக்கச் சேர்ந்து முன்னால் இருப்பதைத் தூக்கிவிட்டிருந்தது. காலையில் பிக்கப் மட்டமாக நின்றது என் கைவேலையால் இல்லை. அதன் மேல் பாரமே இறங்கவில்லை, அதனால் மட்டமாக நின்றது.

"முன்ரூம்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"முசல்லா மட்டும்தான் அங்கிள்" என்றாள் நஸ்ரீன். "அங்க பாத்ரூம் பக்கமெல்லாம் எப்படி இருக்குமோ தெரியல. பொம்பளைங்க தொழறதுக்கு சுத்தமா ஒரு இடம் வேணும்னு அந்த ரூமை நான்தான் காலியா வெச்சேன். கறி, வெங்காயம் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்."

"தண்ணி டேங்க்?"

"ஃபுல்லா ரொப்பியிருக்கோம். தொழறதுக்கு முன்னாடி அத்தனை பேரும் கைகால் கழுவி ஒளு செய்யணும்ல" என்றான் ஃபாரூக். டேங்க் பின்னறைக்கு அடியில் இருந்தது. அது ஒன்றே முந்நூறு பவுண்டுக்கு மேல்.

இதை எந்தக் கையேட்டுக்காரன் எழுதுவான்? தொழுகைக்கு ஒதுக்கிய அறையையும் ஒளுவுக்குப் பிடித்த தண்ணீரையும் கணக்கில் வைத்து யார் ஹிட்ச் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். பெரிய ஃபிட்டர் பின்கதவைத் திறந்து எதைப் பார்த்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார், மனுஷன் அதை வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

நஸ்ரீன் யாரையும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய் தொழுகை விரிப்புகளான முசல்லாக்களை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "தண்ணியைத் தொறந்து விட்டுடுங்க. பார்க்ல பைப் இருக்கும். அரிசி, ஐஸ் பெட்டி எல்லாம் முன்ரூமுக்கு மாத்துங்க. நாங்க புல்லுல விரிச்சுத் தொழுதுக்கறோம்" என்றாள். அந்த அறையை விட்டுக்கொடுப்பது அவளுக்கு லேசான காரியம் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் குரல் பிசிறவில்லை.

முக்கால் மணி நேரம் எல்லோருமாகச் சுமந்தோம். சின்னவள்கூட வெங்காயப் பையை இழுத்தாள். கனமானதையெல்லாம் முன்னறையிலும் அச்சுக்கு மேலேயும் வைத்துக் கட்டினோம். மூக்கு மறுபடி எழுநூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பெரிய கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய எண்ணூறையே மாட்டினேன். நானே ஓட்டிப் பார்த்தேன். ட்ரக் வந்தது, போனது. கண்ணாடியில் ட்ரெய்லர் சுவர் அசையவில்லை. சாமான் ஏற்ற வந்துகொண்டிருந்த கார்களைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஃபாரூக் ஷீட்டைத் திறந்து, எடைக்குப் பக்கத்தில் 'எங்கே' என்று ஒரு புதிய நெடுவரிசை சேர்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் அவன் மன்னிப்பு கேட்டான். நானும் கேட்டேன். இரண்டும் சரியாக ஒட்டவில்லை, விட்டுவிட்டோம்.

நஸ்ரீன் பிள்ளைகளுக்கு பெல்ட் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "இப்ப உங்களுக்குப் புரிஞ்சிடுச்சா அங்கிள்?"

இன்ஷா அல்லாஹ் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பாரம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் காலையிலும் எல்லாம் தெரிந்தவன் மாதிரிதானே கையைக் காட்டினேன்? இன்னும் எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேனோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

"முக்கால்வாசி புரிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

அவள் பிக்கப்பின் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நீங்க கையால பிடிச்சு நிறுத்துனதா இவர் சொன்னார்ல, அந்த லீவர் எங்க இருக்கு? காட்டுங்க" என்றாள். காட்டினேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினால் எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டியது. இரண்டு தடவை மெல்ல அழுத்திப் பழகிக்கொண்டாள். "சரி, போலாம்" என்று ஃபாரூக்கிடம் சொன்னாள்.

கிளம்புவதற்கு முன் பின்பக்கம் போனேன். கதவைத் திறந்தேன். காலிக் கட்டிலும், ஓரமாகச் சுருட்டி வைத்த முசல்லாக்களும் இருந்தன. மூடிவிட்டுக் கையைக் காட்டினேன்.

மதியம் முழுக்க ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கவுன்ட்டரில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை. இரண்டே முக்கால் மணிக்கு ஃபோன் அடித்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சலும், யாரோ அண்டாவை இறக்கச் சொல்லி அதட்டுவதும் கேட்டது.

"வந்து சேர்ந்துட்டோம் அங்கிள்" என்றாள் நஸ்ரீன். "லீவர்லேர்ந்து இப்பதான் கையை எடுத்தேன்."